பழைய நிரலும் புதிய பொறியும்

முன்னுரை

நூல் ஒன்று பயன்படாமற் போதற்குக் காரணங்கள் இரண்டு. ஏடு செல்லரித்து எழுத்து அழிதல் ஒன்று. எழுத்து அழியாதிருந்தும் அதனைப் படிக்க வல்லார் இல்லாதுபோதல் மற்றொன்று. கணிப்பொறிக்கென எழுதப்பட்ட நிரல்கள் பெரும்பாலும் இரண்டாம் காரணத்தாலேயே வழக்கொழிகின்றன. முன்னர்ச் செவ்வனே ஓடிய நிரல் ஒன்றை, ஓரெழுத்தும் மாறாமற் படியெடுத்துப் புதிய பொறியில் இட்டால், அது தொடங்குமுன்னரே நின்றுவிடுவதைக் காண்கின்றோம். 'நிரல் பழுதாகிவிட்டது' என்று உலகோர் கூறுவர். அக்கூற்றுப் பொருந்துமா என ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சி பொறியியலார்க்கே உரியது எனத் தமிழ் மாணவர் ஒதுக்குதல் தகாது. 1980களிலும் 1990களிலும் தமிழ்ச் சொல்லடைவுகளும் அகராதிக் குறிப்புகளும் ஆய்வேடுகளும் கணிப்பொறியில் ஏறத் தொடங்கின. அவற்றுட் பல, அக்காலத்து நிரல்களின் துணையின்றித் திறக்க இயலாதன. நிரல் நின்றால் நூலும் நிற்கும். ஆதலின், நிரல் ஏன் நிற்கின்றது என்பதனை அறிதல் நமக்கும் கடனாகின்றது.

1. விரைவையே காலமாகக் கொண்ட நிலை

1981ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணிப்பொறி, இன்டெல் 8088 என்னும் செயலியைக் கொண்டது; அச்செயலியின் விரைவு 4.77 மெகாஹெர்ட்ஸ். எல்லாப் பொறியும் இவ்விரைவினதே என்னும் எண்ணத்தால், நிரல் எழுதுவோர் சிலர் எளிய வழி ஒன்றைக் கைக்கொண்டனர். நிரல் சிறிது நேரம் காத்திருத்தல் வேண்டுமாயின், பயனற்ற சுழற்சி ஒன்றைச் சில ஆயிரம் முறை சுற்றவிட்டனர். சுற்றின் எண்ணிக்கையே காலத்தின் அளவாயிற்று.

1984இல் அந்நிறுவனமே 6 மெகாஹெர்ட்ஸ் விரைவுடைய 80286 செயலியைக் கொண்ட பொறியை வெளியிட்டது. அதன்பின் விரைவு ஆண்டுதோறும் பெருகிற்று. பழைய விளையாட்டு நிரல்கள் சில, ஆடுவோர் கண்ணுக்கும் கைக்கும் எட்டாத விரைவில் ஓடலாயின. இதற்கு மாற்றாகப் பொறி செய்தோர் 'டர்போ' என்னும் பொத்தான் ஒன்றைப் பெட்டியின் முகப்பில் அமைத்தனர். பெயரோ விரைவைக் குறிப்பது. பயனோ, வேண்டுங்கால் பொறியை மெதுவாக்கிப் பழைய நிரலுக்கு இணக்குவது. பழைமைக்கு இடங்கொடுத்தல் பொறி செய்வோரின் கடமையாகக் கருதப்பட்டமைக்கு இப்பொத்தான் ஒரு சான்றாகும்.

2. 'இயக்கப் பிழை 200'

இவ்வரலாற்றில் நாம் ஊன்றி நோக்கத்தக்கது, போர்லாண்டு நிறுவனத்தின் டர்போ பாசுகல் என்னும் தொகுப்பி பற்றிய நிகழ்ச்சியாகும். 1983இல் வெளிவந்த இத்தொகுப்பியின் 7ஆம் பதிப்பு 1992இல் தோன்றியது. இதனைக் கொண்டு எண்ணிறந்த நிரல்கள் ஆக்கப்பட்டன. 1990களின் பிற்பகுதியில், ஏறத்தாழ 200 மெகாஹெர்ட்ஸும் அதற்கு மேலும் விரைவுடைய செயலிகள் பரவியபோது, அந்நிரல்களுட் பல தொடங்கியவுடன் 'இயக்கப் பிழை 200' என்று அறிவித்து நின்றன. அவ்வெண்ணுக்குத் தொகுப்பியின் கையேடு தரும் பொருள், 'சுழியால் வகுத்தல்' என்பது. நிரலாசிரியர் தம் நிரலை வரிவரியாகத் தேடினும் அதிற் சுழியால் வகுக்கும் இடம் ஒன்றும் காணார்.

உண்மை வேறிடத்தில் இருந்தது. திரையையும் விசைப்பலகையையும் ஆளுதற்குத் தொகுப்பி 'சி.ஆர்.டி.' என்னும் பகுதி ஒன்றை அளித்திருந்தது. காத்திருத்தற்குரிய கட்டளையும் அதனுள் அடக்கம். முன்னைய நிரலாசிரியர் போல அது விரைவை முன்கூட்டியே துணியவில்லை. நிரல் தொடங்குந்தோறும் பொறியின் விரைவைத் தானே அளந்துகொண்டது. பொறியின் கடிகாரம் நொடிக்கு ஏறத்தாழ 18.2 முறை துடிக்கும். ஆகவே ஒரு துடிப்பு ஏறக்குறைய 55 மில்லிநொடி. அத்துடிப்பு ஒன்றனுள் வெற்றுச் சுழற்சி எத்துணை முறை சுற்றுகின்றது என எண்ணி, அவ்வெண்ணை 55ஆல் வகுத்து, மில்லிநொடிக்கு இத்துணைச் சுற்று என்று குறித்துக்கொண்டது.

குறை அவ்விடையின் அளவில் இருந்தது. இடை நின்ற ஈவு 16 பிட் அளவினுள் அடங்குதல் வேண்டும். அவ்வளவினுள் அடங்கும் பேரெண் 65,535. சுற்றின் எண்ணிக்கை 36,04,480ஐ எட்டிய அளவில், 55ஆல் வகுத்த ஈவு 65,536 ஆகி எல்லையைக் கடந்துவிடுகின்றது. இன்டெல் வழிச் செயலிகள், சுழியால் வகுப்பினும், ஈவு தன் கலத்தில் அடங்காது மிகினும், ஒரே வகையான இடையீட்டை எழுப்புவன. தொகுப்பி அவ்விரண்டனையும் வேறுபடுத்தாது 'சுழியால் வகுத்தல்' என்றே உரை கூறிற்று. வகுத்த எண் 55, அது சுழியன்று. விரைவு குறைந்தமையால் அன்று, விரைவு மிகுந்தமையாலேயே நிரல் வீழ்ந்தது. இவ்வளவை நிரலின் முதல் வரிக்கு முன்னரே நிகழ்ந்தமையின், காத்திருக்கும் கட்டளையை ஒருமுறையும் ஆளாத நிரலும் உடன் வீழ்ந்தது.

ஈண்டுத் தமிழாய்வாளர் கொள்ளத்தக்க படிப்பினை ஒன்று உண்டு. பிழைச்செய்தி என்பது மூலம் அன்று, உரை. உரையாசிரியர் தாம் அறிந்த அளவில் ஒரு காரணம் கூறுவர். அதனை மூலத்தொடு வைத்து நோக்காது அவ்வாறே கொள்வோர், இல்லாத சுழியைத் தேடுவாரை ஒப்பர்.

இப்பிழைக்குத் தீர்வுகள் மூன்று வழிகளிற் காணப்பட்டன. மூல நிரல் கையில் உள்ளோர், திருத்திய 'சி.ஆர்.டி.' பகுதியைச் சேர்த்து மீண்டும் தொகுத்தனர். மூலம் இல்லாதோர், தொகுத்த கோப்பினுள்ளேயே அச்சில கட்டளைகளை மட்டும் மாற்றும் ஒட்டு நிரல்களைப் பயன்படுத்தினர். இரண்டும் இயலாதோர், பொறியைச் செயற்கையாக மெதுவாக்கினர். முதலது திருத்திய பதிப்பு. இரண்டாவது ஏட்டின்மேல் இட்ட திருத்தம். மூன்றாவது ஏட்டைத் தொடாது படிப்போரை மாற்றுதல் எனலாம்.

இப்பிழை தனித்த ஒன்றன்று. விண்டோஸ் 95, 350 மெகாஹெர்ட்ஸும் அதற்கு மேலும் விரைவுடைய ஏ.எம்.டி. கே6-2 செயலிகளில் தொடங்க மறுத்தமைக்கும், அளவைச் சுழற்சி எதிர்பார்த்ததினும் விரைவில் முடிந்தமையே காரணமாயிற்று. அதற்கு மைக்ரோசாப்டு நிறுவனம் திருத்தம் வெளியிட்டது.

3. வாயில் அடைபட்ட வரலாறு

மேற்கண்டது தற்செயலாய் நேர்ந்த குறை. அறிந்தே செய்யப்பட்ட விலக்கு ஒன்றும் உண்டு. 1985இல் வந்த 80386 செயலி, பழைய 8086 போல நடிக்கும் நிலை ஒன்றைத் தன்னுள் கொண்டிருந்தது. 1993இல் வெளிவந்த விண்டோஸ் என்.டி. அந்நிலையின் துணையால் பழைய டாஸ் நிரல்களைத் தனியறையில் இருத்தி ஓட்டிற்று. 2003இல் ஏ.எம்.டி. நிறுவனம் 64 பிட் செயலியை வெளியிட்டபோது, 64 பிட் நிலையில் இயங்குங்கால் அந்நடிப்பு நிலை இல்லையாயிற்று. 64 பிட் விண்டோஸ் 16 பிட் நிரல்களை முற்றும் விலக்கிற்று. 32 பிட் விண்டோஸ் 10 வரை அவ்வாயில் திறந்திருந்தது. 2021இல் வந்த விண்டோஸ் 11க்கு 32 பிட் பதிப்பே இல்லை.

ஈண்டும் நுணுகி நோக்கவேண்டுவது ஒன்றுண்டு. 1990களின் நிரல்கள் சில 32 பிட் அளவின. ஆயின் அவற்றைப் பொறியில் நிறுவும் துணை நிரல் மட்டும் 16 பிட் அளவினது. நிறுவும் நிரல் நின்றுவிட, முதன்மை நிரலே பயனற்றது எனப் பலர் எறிந்துவிடுவர். பாயிரம் சிதைந்தமை கண்டு நூலையே எறிதல் போல்வது இது.

4. தமிழ் எழுத்தின் நிலை

தமிழ்க் கோப்புகளுக்கு நிரல் ஓடுவது மட்டும் போதாது. ஒருங்குறியின் முதற்பதிப்பு 1991இல் வெளிவந்தபோதே தமிழ் அதில் இடம்பெற்றது. ஆயினும், அது பொறிகளிற் பரவுமுன்னர்த் தமிழ் எழுத்துகள் 256 இடங்களைக் கொண்ட எழுத்துருக்களில், ஆக்கியோர் தத்தமக்கு வேண்டியவாறு அமைக்கப்பட்டன. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டின் வழித் 'தாம்', 'தாப்' என்னும் குறியீடுகள் தோன்றின. உலகத் தமிழரிடைத் 'தசுகி' என்பது வழங்கிற்று. 2010இல் தமிழ்நாட்டரசு ஒருங்குறியை ஏற்றது.

பழைய எழுத்துருவை இழந்த கோப்பு, புதிய பொறியில் பொருளற்ற உரோமன் எழுத்துக் குவியலாகத் தோன்றும். இதனை ஒருங்குறிக்கு மாற்றுவதும் எழுத்துக்கு எழுத்து மாற்றும் எளிய செயலன்று. பழைய முறைகளில் எகர, ஏகார, ஐகாரக் குறிகள் கண்ணுக்குத் தோன்றும் முறையிலேயே மெய்க்கு முன் வைக்கப்பட்டன. ஒருங்குறியிலோ ஒலிப்பு முறை பற்றி அவை மெய்க்குப் பின் நிற்பன. 'கொ' என்பதன் முன்கொம்பும் பின்காலும் பழைய கோப்பில் இரு வேறு குறிகள். அவற்றைச் சேர்த்து ஒன்றாக்காக்கால் சொல்லடைவு பிழைபடும். காலும் ரகரமும் மயங்கும் ஏட்டைப் படித்த பதிப்பாசிரியர் கொண்ட விழிப்பே ஈண்டும் வேண்டப்படுகின்றது.

5. ஆராயும் முறை

மேற்கூறியவற்றால், நின்றுபோன நிரலை ஆராய்வார் கொள்ளத்தக்க முறை பின்வருமாறு அமையும். முதற்கண் மூலக் கோப்பையும் தரவையும் படியெடுத்து வைத்தல் வேண்டும். திருத்தம் எதுவும் படியின்மேலேயே செய்யப்படுதல் வேண்டும். அடுத்து, நின்றது எப்பகுதி என்று துணிதல் வேண்டும்: நிறுவும் நிரலா, முதன்மை நிரலா, எழுத்துருவா என்பது. அதன்பின், பிழைச்செய்தியைச் சொல்லளவிற் கொள்ளாது, அது எழும் இடத்தை நோக்குதல் வேண்டும். இறுதியில், கடைசியாக எப்பொறியில், எவ்வியங்குதளத்தில் அது ஓடிற்று என வினவி, அன்றைக்கும் இன்றைக்கும் இடையே மாறியது யாது எனக் காணல் வேண்டும்.

பழைய பொறியைப் போலவே நடிக்கும் மென்பொருள்கள் இதற்குப் பெருந்துணையாவன. 2002இல் வெளிவந்த டாஸ்பாக்ஸ் அவற்றுள் ஒன்று. செயலியின் விரைவைக் குறைக்கவும் கூட்டவும் அதில் இயலுமாதலின், மேற்கண்ட பிழை 200உம் அதனுள் விலக்கத்தக்கதே. ஆயினும், நிரலை ஓடச்செய்தலோடு அமைதல் கூடாது. அதனுள் அடைபட்ட தரவை வெளிக்கொணர்ந்து, எந்நிரலும் படிக்கத்தக்க எளிய ஒருங்குறிக் கோப்பாக வைத்தலே நிலைத்த தீர்வாகும். நடிக்கும் மென்பொருளும் ஒருநாள் பழைய நிரலாகும் அன்றோ?

முடிவுரை

நிரல் முதுமையால் தேய்வதன்று. அது தான் பிறந்த சூழலைப் பற்றிச் சில எண்ணங்களைத் தன்னுள் கொண்டுள்ளது. பொறி இத்துணை விரைவினது, எண் இத்துணைச் சிறியது, எழுத்து இவ்விடத்தது என்பன அவை. சூழல் மாறுங்கால் அவ்வெண்ணங்களே பிழையாகி வெளிப்படுகின்றன. ஆதலின் 'நிரல் பழுதாயிற்று' என்னும் கூற்றுப் பொருந்தாது என்பது பெறப்படும். 1887இல் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்குங்கால் ஏடுகள் பலவற்றை ஒப்புநோக்க இயன்றது, அவை எங்கோ எவராலோ காக்கப்பட்டிருந்தமையால். நம் துறைகளின் பழைய நெகிழ்வட்டுகளுக்குப் பிற்படிகள் பல இரா. அவை இன்னும் படிக்கத்தக்க நிலையில் உள்ளபோதே அவற்றைப் படியெடுத்து, மாற்றி, ஒப்புநோக்கி வைத்தல், முதுகலை மாணவர் மேற்கொள்ளத்தக்க பதிப்புப் பணியே என்பது நம் துணிபு.