ஈ.எஸ்.ஆர். சீட்டும் எலும்புருக்கி நோயும்

காசநோயை நம் பக்கத்துப் பெரியவர்கள் எலும்புருக்கி என்பார்கள், சயரோகம் என்பார்கள். உடம்பை உருக்கும் நோய் என்று அவர்கள் கண்ணால் கண்டு சொன்னதை, பிற்பாடு இரத்தப் பரிசோதனையும் சொல்லியது.

ஈ.எஸ்.ஆர். சீட்டு உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 1921-இல் சுவீடன் மருத்துவர் வெஸ்டர்கிரன், நுரையீரல் காசநோயாளிகளின் இரத்தத்தை உறையாமல் செய்து, நீண்ட கண்ணாடிக் குழாயில் நிறுத்தி, சிவப்பணுக்கள் எவ்வளவு வேகமாகக் கீழே இறங்குகின்றன என்று அளந்தார். ஒரு மணி நேரத்தில் இறங்கும் மில்லிமீட்டர்தான் சீட்டில் எழுதப்படும் எண். நோயின்போது இரத்தத்தில் ஃபைப்ரினோஜன், குளோபுலின் ஆகிய புரதங்கள் கூடுகின்றன. சிவப்பணுக்கள் காசுகளை அடுக்கியதுபோல் ஒட்டிக்கொண்டு விரைவாகப் படிகின்றன. ஆனால் சோகை, மூட்டுவாதம், கர்ப்பம் எல்லாவற்றிலும் இந்த எண் ஏறும். அதனால் சளியைப் பார்க்காமல் காசநோய் என்று முடிவு கட்ட முடியாது.

அதே நேரத்தில் ஆல்புமின் என்ற புரதம் இறங்குகிறது. ஈரல் செய்வது இது. டெசிலிட்டருக்கு 3.5 முதல் 5 கிராம் வரை இருக்க வேண்டும். நோயின் வேகமும் அரைவயிற்றுச் சாப்பாடும் சேர்ந்து அதைக் குறைக்கும். இரத்தக் குழாய்க்குள் நீரைப் பிடித்துவைப்பது ஆல்புமின்தான். அது மிகவும் குறைந்தால் கால் வீங்கும். காசநோயாளிக்குக் கால் வீங்கினால் கெட்ட குறி என்று வீட்டார் அஞ்சியது வீணல்ல.

அந்தக் காலத்தில் சானடோரியப் படுக்கையும் பாலும் முட்டையும்தான் வைத்தியம் என்று இருந்தது. 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு அதை மாற்றியது. வாலஸ் ஃபாக்ஸ் குழுவினர் ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மற்றவர்களை வீட்டிலும் வைத்து, ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு குறைவு, இடம் நெருக்கடி. ஆனாலும் குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. 1959-இல் வெளியான இந்த முடிவால் உலகெங்கும் ஏழைகள் படுக்கைக்குக் காத்திருக்கும் நிலை மாறியது.

ஆனால் மாத்திரை இருந்தால் போதும், சாப்பாடு இரண்டாம்பட்சம் என்ற எண்ணமும் கூடவே வேரூன்றியது. ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை நடந்த ஆய்வு அதைத் திருத்தியது. நோயாளியின் வீட்டாருக்கும் உணவுப் பொருள் கொடுத்தபோது, அவர்களுக்குக் காசநோய் வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. நம் கொம்யூன்களைச் சுற்றியுள்ள தமிழ்நாட்டில், 2022-இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், செவிலியர்கள் எடை, உயரம், மூச்சு, கால் வீக்கம் பார்த்து, ஆபத்தானவரை உடனே படுக்கைக்கு அனுப்புகிறார்கள். இரத்தப் பரிசோதனைக்குக் காத்திருப்பதில்லை.

வில்லியனூரிலோ பாகூரிலோ கூலிக்காரர் படுத்தால் அன்றே வருமானம் நிற்கும், அடுப்பும் தணியும். மத்திய அரசு மாதம் 500 ரூபாயாகத் தொடங்கிய ஊட்டச்சத்து உதவி 2024 நவம்பர் முதல் 1000 ரூபாய். அக்கம்பக்கத்தில் யாராவது மருந்து சாப்பிட்டால், அந்தப் பணம் வருகிறதா, கால் வீங்கியிருக்கிறதா என்று விசாரியுங்கள். வீக்கம் இருந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.