மாத்திரை, கண்ணீர், ஒரு அறுபது வருஷக் கதை

கருத்தடை மாத்திரை அட்டையோட வர்ற துண்டுச்சீட்டை முழுசா படிச்சிருக்கீங்களா? அமெரிக்காவுல விக்கிற மாத்திரைகளோட சீட்டுல ஒரு அறிவுரை இருக்கும். கான்டாக்ட் லென்ஸ் போடுறவங்களுக்குப் பார்வையில மாற்றம் வந்தாலோ, லென்ஸ் ஒத்துக்காம போனாலோ கண் டாக்டரைப் பார்க்கணும்னு. கர்ப்பப்பைக்கான மாத்திரையில கண்ணுக்கு என்ன வேலை?

கொஞ்சம் பின்னாடி போவோம்.

1956. போர்ட்டோ ரிக்கோ தீவு, சான் ஹுவான் பக்கத்துல ரியோ பியத்ராஸ்னு ஒரு குடியிருப்பு. உலகத்தின் முதல் கருத்தடை மாத்திரை எனோவிட்டின் பெரிய அளவிலான சோதனை அங்கதான் தொடங்குச்சு. சாப்பிட்டவங்க ஏழைப் பெண்கள். இது சோதனை மருந்துன்னு அவங்களுக்கு ஒழுங்கா விளக்கக்கூட இல்ல. அங்க பொறுப்பில இருந்த டாக்டர் எட்ரிஸ் ரைஸ்-ரே ஒரு பெண் மருத்துவர். 17% பேருக்குத் தலைசுத்தல், குமட்டல், தலைவலி, வாந்தின்னு வருது, கருத்தரிப்பைத் தடுக்குது சரி, ஆனா பொதுவா கொடுக்குற அளவுக்கு இது ஏத்ததில்லன்னு அவர் எழுதினார். ஆராய்ச்சித் தலைவர் கிரிகரி பின்கஸ் இதை ஏத்துக்கல. பெரும்பாலும் மனப்பிரமைதான்னு முடிவு பண்ணிட்டார். (பொம்பளைங்க வலின்னு சொன்னா "எல்லாம் டென்ஷன்மா"ன்னு சொல்ற பழக்கம் நம்ம ஊர் கண்டுபிடிப்பு இல்லைங்க.)

1957ல மாதவிடாய்க் கோளாறுக்கும், 1960ல கருத்தடைக்கும் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்துச்சு. டோஸ்தான் முக்கியம்: ஒரு மாத்திரையில கிட்டத்தட்ட 10 மில்லிகிராம் புரோஜெஸ்டின், 150 மைக்ரோகிராம் மெஸ்ட்ரனால் என்கிற ஈஸ்ட்ரோஜன். நம்ம அரசு ஆஸ்பத்திரியில இலவசமா தர்ற மாலா-என் மாத்திரையில இருக்கிறது 30 மைக்ரோகிராம் எத்தினில் ஈஸ்ட்ரடயால். ரெண்டும் வேற வேற ஈஸ்ட்ரோஜன், அப்படியே ஒப்பிட முடியாது. வீரியத்தைக் கணக்குல எடுத்துப் பார்த்தாலும் அன்னைக்குக் கொடுத்தது மூணு மடங்குக்கு மேல.

லட்சக்கணக்கான பெண்கள் சாப்பிட ஆரம்பிச்ச பிறகுதான் கண் டாக்டர்கள் கிட்ட புகார்கள் வந்துச்சு. ஒரு பக்கம் சின்னப் புகார்: ரொம்ப நாளா நல்லா போட்டுட்டிருந்த லென்ஸ் திடீர்னு உறுத்துது. அப்ப இருந்ததெல்லாம் கெட்டியான பிளாஸ்டிக் லென்ஸ், கண்ணீர்ப் படலத்து மேல மிதக்குறது. படலம் கொஞ்சம் குறைஞ்சாலோ, கருவிழி நீர் கோத்து லேசா வீங்கினாலோ உடனே தெரிஞ்சிடும். இன்னொரு பக்கம் பயமுறுத்துற கேஸ்கள். 1965ல ஜான்ஸ் ஹாப்கின்ஸைச் சேர்ந்த பிராங்க் வால்ஷ், நரம்பு-கண் மருத்துவத்துல பெரிய ஆள், மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்கு வந்த கண், மூளைப் பாதிப்புகளைத் தொகுத்து வெளியிட்டார். மாத்திரைதான் காரணம்னு அது நிரூபிக்கல. ஆனா கேள்வியை மேஜைக்குக் கொண்டு வந்துச்சு. 1968ல பிரிட்டன் ஆய்வுகள் ரத்தக்கட்டி அபாயத்தை உறுதி செஞ்சது. விழித்திரை ரத்தக்குழாயும் ரத்தக்குழாய்தானே!

1970 ஜனவரியில அமெரிக்க செனட்ல விசாரணை. டாக்டர்கள், விஞ்ஞானிகள்னு வரிசையா சாட்சி. மாத்திரை சாப்பிட்ட ஒரு பெண்ணைக்கூட கூப்பிடல. ஆலிஸ் வுல்ஃப்சனும் தோழிகளும் பார்வையாளர் வரிசையில இருந்து எழுந்து நின்னு கத்தினாங்க. அந்த வருஷமே மாத்திரையோட எச்சரிக்கைச் சீட்டு வைக்கணும்னு உத்தரவு வந்துச்சு. டோஸும் படிப்படியா இறங்குச்சு.

சரி, கண்ணீருக்கு வருவோம். கண்ணீர் வெறும் உப்புத்தண்ணி இல்ல. சளி, நீர், மேல ஒரு எண்ணெய்ப் பூச்சு. எண்ணெய் இல்லைன்னா தண்ணி சீக்கிரம் ஆவியாகிடும். அந்த எண்ணெயை இமை ஓரத்து மைபோமியன் சுரப்பிகள் தருது. ஆண்ட்ரோஜன் அதைத் தூண்டும், ஈஸ்ட்ரோஜன் பொதுவா அடக்கும். 2001ல 25,000க்கு மேற்பட்ட பெண்களை வச்சு அமெரிக்காவுல ஒரு ஆய்வு வந்துச்சு. மாதவிடாய் நின்ன பிறகு ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவங்களுக்குக் கண் வறட்சி 69% அதிகம், புரோஜெஸ்டினும் சேர்த்து எடுத்தவங்களுக்கு 29%. இது மாதவிடாய்க்குப் பிந்தைய சிகிச்சை பத்தினது, கருத்தடை மாத்திரை பத்தினது இல்ல. இதை அப்படியே மாலா-என் மேல தூக்கிப் போடுற வாட்ஸ்அப் பார்வர்டுகளை நம்பாதீங்க. இன்னைக்கு இருக்குற குறைஞ்ச டோஸ் மாத்திரைகள்ல ஆய்வு முடிவுகள் கலவையாதான் இருக்கு.

அதனால கண் லேசா வறண்டா பயந்து மாத்திரையை நிறுத்தாதீங்க. எழுதிக் கொடுத்தவங்ககிட்ட சொல்லுங்க. பெரும்பாலும் செயற்கைக் கண்ணீர் சொட்டு மருந்தே போதும், தேவைன்னா வேற முறைக்கு மாறலாம். ஒரு கண்ணுல பார்வை திடீர்னு மங்குது, ரெட்டையா தெரியுது, இல்ல ஒத்தைத் தலைவலிக்கு முன்னாடி கண்ணுல மின்னல் கோடு ஓடுதுன்னா கதை வேற. முதல் ரெண்டும் வந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரி. மூணாவது இருக்குறவங்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையே கூடாது, பக்கவாத அபாயம் இருக்கு. காப்பர்-டி மாதிரி வேற வழி கேளுங்க.