அறுகோணக் காய்களும் சென்னை கண்ட பீரங்கி வீரரும்

ஆய் மன்னரும் பாண்டியரும் பொருத பழந்துறையாகிய விழிஞ்ஞத்தில் வாழும் தமிழன்பர்களே! மழைக்காலத்தில் கடல் கொந்தளிக்க, சிறுவர் வீட்டினுள் அடைபட்டுக் கிடக்கும் நாட்களுக்கு ஓர் ஆட்டம் சொல்கிறேன். காய்களில் எழுத்தே இல்லை. ஆகவே, அண்டை வீட்டு மலையாளக் குழந்தைகளும் உடனமர்ந்து ஆடலாம்.

டாமினோ ஆட்டம் சீனத்தில் மிகப் பழமையானது. ஐரோப்பாவில் 18-ஆம் நூற்றாண்டில் பரவிற்று. எண்ணோடு அதே எண்ணைச் சேர்ப்பதே அதன் விதி. நீள்சதுரக் காய்க்கு முனைகள் இரண்டே. மூன்றோ ஆறோ பக்கமுடைய காயாயின் என்ன ஆகும் என்று ஆராய்ந்தவர் பெர்சி மக்மான். பீரங்கிப் படையின் இளம் அதிகாரியாக 1873-இல் சென்னைக்கு வந்த அவர், நோயுற்றுச் சில ஆண்டுகளில் இங்கிலாந்து திரும்பிக் கணித அறிஞரானார். இவ்வகைக் காய்களைப் பற்றி 1921-இல் ஒரு நூலே வெளியிட்டார்.

அட்டையில் அறுகோணங்கள் வெட்டி, ஒவ்வொரு விளிம்புக்கும் சிவப்போ நீலமோ ஒருபுறம் மட்டும் தீட்டுங்கள். சுழற்றினால் ஒத்துவருபவை ஒரே காய், புரட்டுதல் ஆகாது. நீலமே இல்லாதது 1, ஒரு நீலம் 1, இரண்டு நீலம் 3, மூன்று 4, நான்கு 3, ஐந்து 1, முழு நீலம் 1, ஆக 14. மூன்று நீலமுடைய நான்கில் இரண்டு, வலக்கையும் இடக்கையும் போல ஒன்றன் நிழலாக மற்றொன்று அமைந்தவை. அவற்றை ஒன்றெனக் கொண்டால் கணக்கு 13 ஆகிவிடும்! மூன்று வண்ணங்கள் எனில் காய்கள் 130. அதற்குப் பெரிய திண்ணை வேண்டும்.

ஆளுக்கு ஏழு காய் எடுத்து, மாறிமாறி வைக்க வேண்டும். தொடும் விளிம்புகள் யாவும் ஒரே வண்ணமாதல் வேண்டும். இயலாதவர் தம் முறையை விடுவார். காய்களை முதலில் தீர்த்தவர் வென்றவர். மூன்றாம் காய் தொடங்கி, புதிய காய் ஒவ்வொன்றும் இரு காய்களையேனும் தொட வேண்டும் என்பது யான் சேர்த்த விதி. இன்றேல் ஆட்டம் சப்பென்றிருக்கும்.

ஒன்றும் விடுபடாமல், ஒன்றையும் இருமுறை எண்ணாமல் கணக்கிடும் இந்தப் பொறுமையே பின்னர் நம் இராமானுஜனுக்குத் துணைநின்றது. 4 என்னும் எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வகையாகப் பிரிக்கலாம். 200-ஐ எத்தனை வகையாகப் பிரிக்கலாம்? இராமானுஜனும் ஹார்டியும் 1918-இல் வெளியிட்ட சூத்திரம் விடை கூறிற்று. ஆயினும், அது மெய்யென எவ்வாறு அறிவது? மக்மான் 200 வரை படிப்படியாகக் கைக்கணக்கிட்டுப் பட்டியல் தந்தார். அதில் கடைசி எண் 39,72,99,90,29,388. சூத்திரத்தின் முதல் எட்டு உறுப்புகளைக் கூட்டியபோது, இதற்குமேல் மிகுந்தது 0.004 மட்டுமே.