இரண்டு மணி நேரச் சுவர்: செங்கல்லா, ஜிப்சமா?

தீப்பிடித்த தளத்துக்கும் ஆட்கள் இறங்கி ஓடும் படிக்கட்டுக்கும் நடுவில் உள்ள சுவர், உயரமான கட்டடங்களில் இரண்டு மணி நேரம் தாங்க வேண்டும். அமெரிக்காவின் ஐ.பி.சி. (இன்டர்நேஷனல் பில்டிங் கோடு) என்ற கட்டட விதிநூலை எடுத்துக்கொள்வோம். அதன்படி, துளையில்லாத சுட்ட செங்கல் 3.8 அங்குலக் கனம் இருந்தால் அந்தத் தகுதி கிடைக்கும். ஜிப்சத்தில் என்றால், இரும்புச் சட்டத்தின் இருபுறமும் 5/8 அங்குல ‘டைப் எக்ஸ்’ எனும் தீத்தாங்கு போர்டு இரண்டிரண்டு அடுக்கு அடிக்க வேண்டும். சதுர மீட்டருக்குச் செங்கல் சுமார் 180 கிலோ. ஜிப்சம் ஐம்பதை ஒட்டியே நிற்கும்.

தீயைத் தாங்கும் விதமும் வேறு. செங்கல் சூளையிலேயே வெந்தது. தன் கனத்தால் சூட்டை மெல்ல வாங்கிக்கொள்ளும். ஜிப்சத்தின் எடையிலோ ஐந்தில் ஒரு பங்கு, படிகத்துக்குள் கட்டுண்ட நீர். அது ஆவியாகித் தீரும்வரை மறுபக்கம் 100 டிகிரியை ஒட்டியே இருக்கும். பிறகு மாவாக உதிரப் பார்க்கும் போர்டைக் கண்ணாடி இழைகள் பிடித்து நிறுத்தும்.

ஏ.எஸ்.டி.எம். இ119 என்ற தீச்சோதனையில் உலை இரண்டு மணி நேரத்தில் 1,010 டிகிரி செல்சியஸை எட்டும். மறுபக்கச் சூடு, தொடக்கத்தில் இருந்ததைவிடச் சராசரியாக 139 டிகிரிக்கு மேல் கூடக்கூடாது. இரண்டு சுவர்களும் இதில் தேறுகின்றன. ஆனால் சோதனைக்கூடத்துச் சுவரைக் கட்டுவோர் சோதனைக்காகவே கட்டுகிறார்கள். தளத்தில் அப்படியா?

ஜிப்சத்தில் முதல் அடுக்கின் இணைப்பும் இரண்டாம் அடுக்கின் இணைப்பும் ஒரே கோட்டில் வரக்கூடாது. போர்டு ஃபால்ஸ் சீலிங்கோடு நிற்காமல் மேல் ஸ்லாப் வரை ஏற வேண்டும். இருபுறத்து ஸ்விட்ச் பெட்டிகளும் முதுகோடு முதுகாக அமையாமல், பொதுவாக 24 அங்குலமாவது விலகியிருக்க வேண்டும். இதில் எது தவறினாலும் பெயின்ட் அடித்தபின் யாருக்கும் தெரியாது. செங்கல்லில் இத்தனை நுணுக்கம் இல்லை. சுமாரான கைவேலையையும் அது ஓரளவு பொறுத்துக்கொள்ளும். ஆனால் கேபிளுக்காகக் குடைந்த ஓட்டையைத் தீத்தடுப்புப் பூச்சால் அடைக்காவிட்டால் இரண்டுமே ஒன்றுதான். புகை அந்த வழியே போய்விடும்.

படிக்கட்டுக்கும் லிஃப்ட் குழிக்கும், எடை இடம் கொடுக்குமானால், செங்கல்லே என் தேர்வு. அலுவலகத் தடுப்புகளுக்கு ஜிப்சம் போதும். கட்டடம் கட்டுவோருக்கு ஒரு வேண்டுகோள்: போர்டின் விளம்பரத்தாளை வாங்கி வைக்காதீர்கள், சட்டம், ஸ்க்ரூ, இணைப்பு உட்பட முழுச் சுவருக்கான சோதனை அறிக்கையைக் கேளுங்கள். சீலிங் மூடும் முன் ஏணி போட்டு ஏறி, சுவர் ஸ்லாபைத் தொடுகிறதா என்று நீங்களே பாருங்கள்.