கல்லாவின் இருபுறமும்

சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறவர் கேட்கும் முதல் கேள்வி பணத்தைப் பற்றியதாக இருப்பதில்லை. "கார்டு இருக்கா மேடம்?" என்றோ, "போன் நம்பர் சொல்லுங்க" என்றோதான் அது தொடங்குகிறது. கேட்பவர் பெரும்பாலும் பெண். பதில் சொல்பவரும் பெரும்பாலும் பெண். இருவரும் ஒருவரை ஒருவர் நிமிர்ந்து பார்க்காமலேயே இந்த உரையாடல் முடிந்துவிடக்கூடும். இந்தச் சின்னக் கேள்விக்குப் பின்னால் நூற்று எண்பது ஆண்டு வரலாறு இருக்கிறது. பெண்கள் தங்கள் கையால் ஒன்றைக் கட்டியெழுப்பி, பிறகு அதைப் படிப்படியாக இழந்த வரலாறு அது. அதன் முக்கியமான அத்தியாயங்கள் பிரிட்டனில் நடந்தவை.

அம்மாவின் எண்

1844 டிசம்பர் 21 அன்று, இங்கிலாந்தின் ராச்டேல் என்ற நெசவு நகரில், டோட் லேன் தெருவில் ஒரு சிறிய கூட்டுறவுக் கடை திறக்கப்பட்டது. வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ் என்று விற்பனைக்கு வைக்கச் சில பொருட்களே இருந்தன. கலப்படம் இல்லை, எடையில் மோசடி இல்லை, கடன் இல்லை என்பது கடையின் கொள்கை. இன்னொரு விதிதான் நமக்கு முக்கியம்: ஆண்டு லாபத்தை, யார் எவ்வளவு பங்கு வைத்திருக்கிறார் என்று பார்க்காமல், யார் எவ்வளவு பொருள் வாங்கினார் என்று பார்த்துப் பிரித்துக் கொடுத்தார்கள். இந்தத் தொகையை மக்கள் செல்லமாக 'டிவ்வி' என்றார்கள்.

வீட்டுக்கு மளிகை வாங்கியது யார்? மனைவிதான். அப்படியென்றால் டிவ்வியை வளர்த்தவரும் அவர்தான். 1870ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை இங்கிலாந்தில் மணமான பெண் சம்பாதித்த கூலிகூடச் சட்டப்படி கணவனுடையது. சொத்து வைத்துக்கொள்ளும் முழு உரிமை 1882இல்தான் வந்தது. அந்தக் காலத்தில், மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ ஆறு மாதத்துக்கு ஒருமுறையோ கைக்கு வந்த டிவ்வி குழந்தைகளுக்குச் செருப்பானது, வாடகை பாக்கியானது, பிரசவச் செலவானது. ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஓர் எண் உண்டு. கடைக்கு அனுப்பப்படும் குழந்தை அந்த எண்ணை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். பிரிட்டனில் எத்தனையோ முதியவர்களுக்குத் தம் அம்மாவின் டிவ்வி எண் இறுதிவரை மறக்கவில்லை.

டிவ்வியோடு வாக்கும் வந்தது. உறுப்பினரான பெண்ணுக்குச் சங்கக் கூட்டத்தில் ஆணுக்கு இணையான ஒரு வாக்கு உண்டு. நாடாளுமன்றத் தேர்தலில் முப்பது வயதான பெண்களுக்கு, அதுவும் நிபந்தனைகளோடு, வாக்குரிமை கிடைத்தது 1918இல்தான் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆனால் பல சங்கங்கள் வீட்டுக்கு ஓர் உறுப்பினர் என்றே வைத்திருந்தன. அந்த ஒருவர் கணவராகவே இருப்பார். பொருள் வாங்குவது மனைவி, கையைத் தூக்குவது கணவர்.

இதை மாற்றக் கிளம்பியதுதான் 1883இல் உருவான பெண்கள் கூட்டுறவு கில்டு. கூட்டுறவு இதழில் பெண்கள் பக்கத்தை நடத்திய ஆலிஸ் ஆக்லண்டு, ஆண்களை வாக்களிக்கவும் விமர்சிக்கவும் அழைக்கும் இயக்கம் பெண்களை வாங்குவதற்கு மட்டும் அழைப்பது ஏன் என்று கேட்டிருந்தார். 1889 முதல் 1921 வரை பொதுச் செயலாளராக இருந்த மார்கரெட் லூவெலின் டேவிஸின் காலத்தில் கில்டு ஒரு பெரும் அமைப்பாயிற்று. முதல் உலகப் போருக்கு முன்பே முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அதில் இருந்தார்கள். சமையலறையிலிருந்து வந்தவர்கள் கூட்டத்துக்குத் தலைமை ஏற்கவும், நிகழ்ச்சிக் குறிப்பு எழுதவும், கணக்கு கேட்கவும் அங்கே கற்றார்கள். 1911ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தில் மகப்பேறு உதவித்தொகை சேர்க்கப்பட அவர்கள் போராடினார்கள். அந்தத் தொகை தாயின் உடைமை என்று 1913இல் சட்டம் திருத்தப்பட்டதும் அவர்கள் முயற்சியால்தான். 1915இல் தம் உறுப்பினர்கள் பேறுகாலம் பற்றி எழுதிய 160 கடிதங்களை நூலாக வெளியிட்டார்கள்.

கில்டு செய்த இன்னொரு வேலை இந்தக் கட்டுரைக்கு இன்னும் நெருக்கமானது. கூட்டுறவுக் கடைகளிலும் ஆலைகளிலும் வேலை செய்த பெண்களுக்குக் குறைந்தபட்சக் கூலி வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். இது எளிதான கோரிக்கை அல்ல. கூலி கூடினால் டிவ்வி குறையும். தன் கைக்கு வரும் காசில் ஒரு பகுதி கல்லாவுக்கு அந்தப் பக்கம் நிற்கும் பெண்ணுக்குப் போகட்டும் என்று, வாங்குகிற பெண்கள் ஓர் அமைப்பாகச் சொன்னார்கள். கடையில் காட்டும் மரியாதை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

ஒரு நாற்காலி, ஒரு கூடை

அந்தப் பக்கம் நின்றவர்களின் நிலைமையையும் பார்க்க வேண்டும். விக்டோரியா காலக் கடைகளில் வேலை நேரம் மிக நீண்டது. கடைக்குக் கடை விதிப் புத்தகம் இருந்தது. விதி மீறினால் அபராதம். நாள் முழுக்க நின்றபடியே புன்னகைக்க வேண்டும். 1899இல் பிரிட்டன் கடை உதவியாளர்களுக்கு இருக்கை தரும் சட்டத்தை இயற்றியது: மூன்று பெண் ஊழியர்களுக்கு ஓர் இருக்கையாவது வேண்டும். மூன்று பேருக்கு ஒன்று! அதற்கே ஒரு சட்டம் தேவைப்பட்டது. கடைப் பெண்ணாக வேலை செய்து, அந்த வாழ்க்கையைப் புனைபெயரில் எழுதி, தொழிற்சங்கத்துக்கு வந்த மார்கரெட் பாண்ட்ஃபீல்டு, 1929இல் பிரிட்டனின் முதல் பெண் கேபினட் அமைச்சரானார்.

அடுத்த மாற்றம் சுயசேவை. 1916இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் 'பிக்லி விக்லி' கடை தொடங்கிவைத்த முறை இது. பிரிட்டனில் செயின்ஸ்பரி நிறுவனம் 1950இல் கிராய்டன் கடையை இப்படி மாற்றியது. புதிய ஏற்பாட்டைப் பார்த்த ஒரு வாடிக்கையாளர் கம்பிக் கூடையை முதலாளி மீதே எறிந்தார் என்றும், ஒரு நீதிபதியின் மனைவி அவரைத் திட்டித் தீர்த்தார் என்றும் அந்தக் கடைகளின் வரலாறு பேசுகிறது. கடைப் பணியாள் செய்ய வேண்டிய வேலையைத் தானே செய்வதா என்பது அவர் கோபம். அதில் வர்க்கத் திமிர் இருந்தது. ஆனால் கணக்கு சரியாகத்தான் இருந்தது: எடுத்துக் கொடுக்கும் வேலை சம்பளம் பெறும் பெண்ணிடமிருந்து சம்பளம் இல்லாத பெண்ணுக்குக் கைமாறியது. பாட்யா வெய்ன்பாமும் ஏமி பிரிட்ஜஸும் 1976இல் எழுதிய கட்டுரையில், பொருள் வாங்குவதும் வேலைதான், வீட்டுப் பெண்கள் செய்யும் கூலியில்லாத வேலை என்று விளக்கினார்கள். இன்று நாமே ஸ்கேன் செய்து, நாமே பையில் போட்டு, நாமே பணம் கட்டும் இயந்திரம் அந்தக் கம்பிக் கூடையின் பேத்தி.

ஸ்டாம்ப்பிலிருந்து கார்டுக்கு

1958இல் பிரிட்டனுக்கு கிரீன் ஷீல்டு ஸ்டாம்ப் வந்தது. ஆறு பென்ஸுக்குப் பொருள் வாங்கினால் ஒரு ஸ்டாம்ப். அதை நாக்கில் தடவிப் புத்தகத்தில் ஒட்ட வேண்டும். ஒரு புத்தகத்துக்கு 1,280 ஸ்டாம்ப். அதாவது 32 பவுண்டுக்கு வாங்கினால் ஒரு புத்தகம் நிரம்பும். நிரம்பிய புத்தகங்களைக் கொடுத்துக் கெட்டிலோ போர்வையோ வாங்கிக்கொள்ளலாம். டெஸ்கோ 1963இல் இதில் சேர்ந்தது, 1977இல் விலகியது. டிவ்வி பணமாக வந்தது, வாக்கோடு வந்தது. ஸ்டாம்ப் பரிசாக வந்தது. எந்தப் பரிசு, எத்தனை புத்தகத்துக்கு என்பதை நிறுவனம் முடிவு செய்தது.

பெண்கள் இதை அறியாமல் இல்லை. 1966 அக்டோபரில் அமெரிக்காவின் டென்வர் நகரில் இல்லத்தரசிகள் சூப்பர் மார்க்கெட்டுகளின் முன் மறியல் செய்தார்கள். ஸ்டாம்ப்பும் பரிசுப் போட்டியும் வேண்டாம், விலையைக் குறை என்பது கோரிக்கை. அந்தப் புறக்கணிப்பு பல நகரங்களுக்குப் பரவியது. இலவசம் என்று தரப்படுவதன் செலவு எந்தப் பொருளின் விலையில் ஏறியிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

1995 பிப்ரவரியில் டெஸ்கோ 'கிளப்கார்டை' நாடு முழுவதும் வெளியிட்டது. எட்வினா டன், கிளைவ் ஹம்பி என்ற தம்பதி நடத்திய 'டன்ஹம்பி' நிறுவனம் அதன் தரவுகளை ஆராய்ந்தது. முதல் ஆய்வு முடிவுகளைக் கேட்ட டெஸ்கோ தலைவர், தான் முப்பது ஆண்டுகளில் அறிந்ததைவிடத் தன் வாடிக்கையாளர்களைப் பற்றி இவர்கள் மூன்று மாதத்தில் அதிகம் அறிந்துவிட்டதே தன்னை அச்சுறுத்துகிறது என்றாராம். மின்னணு ஸ்டாம்ப் என்று இதைக் கேலி செய்த செயின்ஸ்பரி, அடுத்த ஆண்டே தன் கார்டோடு வந்தது.

இங்கேதான் கணக்கு தலைகீழானது. கூட்டுறவுக் கடையில் உறுப்பினர் கடையின் கணக்கைப் பார்த்தார். கார்டுக் கடையில் கடை நம் கணக்கைப் பார்க்கிறது. 'லாயல்டி' என்ற பெயரையும் கவனியுங்கள். விசுவாசம் என்பது வேலையாளிடமும் மனைவியிடமும் காலங்காலமாகக் கேட்கப்பட்டது. எஜமானரிடம் யாரும் கேட்டதில்லை.

கூடை சொல்லும் உடல்

வீட்டின் கூடையை நிரப்புவது பெண் என்பதால், கூடையைப் படிப்பது பெண்ணின் உடலைப் படிப்பதாகவும் ஆகிறது. அமெரிக்காவின் டார்கெட் நிறுவனம், வாசனையில்லாத லோஷன், கால்சியம், துத்தநாக மாத்திரை போன்ற சுமார் 25 பொருட்களின் விற்பனையை வைத்து எந்த வாடிக்கையாளர் கர்ப்பமாக இருக்கக்கூடும் என்று கணித்ததை 2012இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. வீட்டில் யாரிடமும் சொல்லும் முன்பே கடைக்குத் தெரிந்துவிடலாம். கருக்கலைப்பு குற்றமாக்கப்படும் இடங்களில் இது வெறும் விளம்பரப் பிரச்சினை அல்ல.

இதே தரவு வேறு விதமாகவும் பயன்படும். லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வில் 273 பெண்கள் தம் கார்டு தகவல்களைத் தாமாக முன்வந்து கொடுத்தார்கள். அவர்களில் 153 பேர் சினைப்பைப் புற்றுநோய் கண்டவர்கள். நோய் கண்டறியப்படுவதற்கு எட்டு மாதங்கள் முன்பிருந்தே அவர்கள் வலி மாத்திரையும் அஜீரண மருந்தும் மற்றவர்களைவிடக் கூடுதலாக வாங்கியிருந்தது தெரிந்தது. வயிற்றுவலியைப் 'பொம்பளைங்களுக்கு இருக்கறதுதான்' என்று பொறுத்துக்கொண்டு மாத்திரையோடு நாள் கடத்திய பெண்களை நம் ஒவ்வொருவருக்கும் தெரியும். இந்த இரண்டு கதைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு தொழில்நுட்பத்தில் இல்லை. ஒன்றில் பெண்ணின் சம்மதம் கேட்கப்பட்டது, நோக்கம் சொல்லப்பட்டது. மற்றதில் இல்லை.

யாருடைய மரியாதை?

2013இல் லண்டன் அருகே க்ரேஃபோர்டில், போனில் பேசிக்கொண்டே வந்த வாடிக்கையாளருக்குப் பில் போட மாட்டேன் என்று செயின்ஸ்பரி ஊழியர் ஒருவர் சொன்னார். நிறுவனம் வாடிக்கையாளரிடம் மன்னிப்புக் கேட்டது. பொதுமக்களில் பலர் ஊழியரின் பக்கம் நின்றார்கள். எதிரில் நிற்பவர் ஒரு மனுஷி என்று காட்டுவதற்குப் போனைக் கீழே வைப்பது மிகச் சிறிய விலை. பணத்தைத் தூக்கிப் போடாமல் கையில் கொடுப்பது, கூப்பன் செல்லாததற்கு அவரைத் திட்டாமலிருப்பது, கடை மூடும் நேரத்தில் நிறைந்த வண்டியோடு போய் நிற்காமலிருப்பது எல்லாம் இதில் சேரும். அந்த விதிகளையும் விலைகளையும் எழுதியவர் கல்லாவில் இல்லை.

ஆனால் நல்ல நடத்தை மட்டும் போதாது. அஸ்டா கடைகளின் பில்லிங் ஊழியர்கள், பெரும்பாலும் பெண்கள், தங்கள் வேலையைக் கிடங்கில் வேலை செய்யும் ஆண்களின் வேலையோடு ஒப்பிட்டுச் சம ஊதியம் கேட்கலாம் என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2021 மார்ச்சில் தீர்ப்பளித்தது. நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்த வழக்கில் இருந்தார்கள். அதே ஆண்டு தமிழ்நாடு தன் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்தது: ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும். கேரளம் 2018இலேயே இதைச் செய்திருந்தது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் கடைப் பெண்கள் முதலில் கழிப்பறைக்காகவும் பிறகு இருக்கைக்காகவும் போராடியதன் பலன் அது. பிரிட்டனின் இருக்கைச் சட்டத்துக்கும் நம்முடையதற்கும் இடையே 122 ஆண்டுகள்.

நம் ஊரில் கார்டின் இடத்தைப் போன் எண் பிடித்துவிட்டது. வரிசையில் பின்னால் நிற்பவர்கள் காதில் விழும்படி ஓர் இளம்பெண் தன் எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எண் கொடுத்தால்தான் பில் என்று கடைகள் வற்புறுத்தக்கூடாது என்று ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதம் அறிவுறுத்தியது. எனவே "நம்பர் வேண்டாம்மா, பில் மட்டும் போடுங்க" என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. அதைக் கேட்கும் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு இத்தனை எண் சேர்க்க வேண்டும் என்ற கணக்கு மேலிருந்து வந்திருக்கலாம். ஆகவே கோபத்தை அவரிடம் காட்டாமல் மேலாளரிடம் எழுதிக் கொடுப்பது நல்லது. அப்படியே அவருக்குப் பின்னால் ஒரு நாற்காலி இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் அதையும் அந்தத் தாளில் சேர்த்து எழுதுங்கள்.