க்ஷயரோக மருந்தும் ஈரலின் வேகமும்

சென்னையிலிருந்து செல்லும் மின்சார ரயில் தாம்பரத்தை எட்டுவதற்கு முன்னால் நிற்கிற நிலையத்திற்கு, டாக்டர் சௌரி முத்து 1928-ல் அவ்வூரில் ஸ்தாபித்த க்ஷயரோக ஆரோக்கிய நிலையத்தின் நினைவாக, சானடோரியம் என்னும் பெயர் நிலைத்துவிட்டது. சுத்தமான காற்று, புஷ்டியான ஆகாரம், மாதக்கணக்கில் படுக்கை: இவையே அக்காலத்துச் சிகிச்சை. ஆனால் படுக்கைகளோ சொற்பம், நோயாளிகளோ ஏராளம். குடிசைகளில் இருமிக்கொண்டிருந்த ஏழைகளை வீட்டிலேயே வைத்து மாத்திரைகளால் குணப்படுத்த இயலுமா என்ற கேள்விக்கு விடை காண்பதற்காக, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை மாநில சர்க்காரும், உலக சுகாதார ஸ்தாபனமும், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் கூடி, 1956-ல் சேத்துப்பட்டில் ஒரு நிலையத்தைத் தொடங்கின. டாக்டர் வாலஸ் பாக்ஸ் முன்னின்று நடத்திய முதல் சோதனையில் 193 நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். வீட்டுச் சிகிச்சை ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்கு ஏறக்குறைய நிகரானதே என்று 1959-ல் வெளியான அறிக்கையும், அதனால் குடும்பத்தாருக்குத் தொற்று அதிகரிக்கவில்லை என்று பின்னர் வந்த அறிக்கையும் உலகிற்கு அறிவித்தன.

இந்தக் கதையைப் பலர் சொல்லியிருக்கிறார்கள். அதே கட்டடத்தில் அதே காலத்தில் நடந்த மற்றொரு ஆராய்ச்சி, விழுங்கிய மாத்திரை உடம்புக்குள் என்ன கதி அடைகிறது என்பதைப் பற்றியது. என் அபிப்பிராயத்தில் அது முன்னதற்குச் சற்றும் குறைந்ததன்று.

அந்த மாத்திரையிலிருந்த ஐசோனியசிட் என்ற மருந்தை 1912-லேயே பிராக் நகரத்தில் இரு ரசாயனிகள் தயாரித்திருந்தனர். அது க்ஷயக்கிருமியைக் கொல்லும் என்பதோ நாற்பது ஆண்டுகள் கழித்து 1952-ல்தான் தெரியவந்தது. மலிவான சரக்கு. விழுங்கிய ஓரிரு மணி நேரத்தில் குடலிலிருந்து ரத்தத்தில் கலந்து, சரீரத்தின் நீர்கள் அனைத்திலும், மூளையைச் சூழ்ந்த திரவத்திலும்கூடப் பரவுகிறது. பிறகு ஈரல் அதனோடு அசெட்டைல் என்னும் சிறு ரசாயனத் துணுக்கைக் கோத்து அதன் வீரியத்தைப் போக்கிவிட, சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடுகிறது. இந்த வேலையைச் சிலருடைய ஈரல் விரைவாகச் செய்கிறது. சிலருடைய ஈரல் நிதானமாகச் செய்கிறது. முன்னவர் ரத்தத்தில் மருந்தின் பாதி ஒன்று அல்லது ஒன்றரை மணியில் மறைந்துபோக, பின்னவர் ரத்தத்தில் அதற்கு மூன்று மணி போல ஆகிறது. இது பரம்பரையாக வரும் குணம் என்பதைக் குடும்பம் குடும்பமாகப் பரீட்சித்து எவன்ஸ் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும் 1960-ல் நிலைநாட்டினர். ஜப்பானியரில் நிதானக்காரர் பத்தில் ஒருவர் அளவே. தென்னிந்தியரில் சுமார் அறுபது சதவிகிதம்.

சேத்துப்பட்டில் இதை அளந்த விதம் ரசமானது. நோயாளியின் எடைக்கேற்ற அளவில் இம்மருந்தை ஊசியாகப் போட்டு, சில மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்து, அதன் தெளிநீரைக் க்ஷயக்கிருமி வளரும் குழாய்களில் விட்டு, எவ்வளவு தூரம் கிருமி முளைக்காமல் நின்றது என்று பார்த்தார்கள். நோயை உண்டாக்கிய கிருமியே அளவுகோலாகவும் ஆயிற்று! வீட்டில் நோயாளி மாத்திரையை உண்மையிலேயே விழுங்கினாரா என்று அறிய, நிலையத்துச் சிப்பந்திகள் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று, மீதி மாத்திரைகளை எண்ணி, சிறுநீரையும் வாங்கி வந்தனர். வாய் சொல்வதைக் காட்டிலும் சிறுநீர் சொல்வதை நம்பிய இந்த வழக்கத்தைப் போலீஸ் வேலை என்று குறை கூறுவோர் இருக்கலாம். அது இல்லாமல் அச்சோதனைகளுக்கு மதிப்பு ஏது?

நிதானக்காரருக்கு ஓர் இடையூறு உண்டு. ஐசோனியசிட்டை மட்டும் அதிக அளவில் கொடுத்தபோது, அவர்களிற் பலருக்குப் பாதங்களில் எரிச்சலும் மதமதப்பும் கண்டன. நெடுநேரம் தங்கிய மருந்து நரம்புகளை வாட்டியதே காரணம். பி-6 வைட்டமினைக் கூடவே கொடுத்தால் அது வராமல் தடுக்கலாம் என்பதும் தெளிவாயிற்று.

விரைவுக்காரரின் சங்கடம் வேறு விதமானது. தினந்தோறும் மருந்து உண்ணும் முறையில் இந்த வேற்றுமை பெரிதாகத் தலைகாட்டவில்லை. நோயாளி மறந்துவிடுவாரோ என்ற கவலையால், நிலையத்திற்கே வரவழைத்துக் கண்ணெதிரில் ஐசோனியசிட்டும் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் வாரம் இருமுறை கொடுத்துப் பார்த்தபோது, இரு வகுப்பாரும் நன்கு குணமடைந்தனர். ஊக்கமடைந்த டாக்டர்கள் அதையே வாரம் ஒருமுறையாக்கினார்கள். அப்போதுதான் விரைவுக்காரர் பின்தங்கினர். மருந்து ரத்தத்தில் நின்ற நேரம் அவர்களுக்குக் குறுகிவிட, கிருமிகள் மீண்டும் பெருகுவதற்கு அவகாசம் மிகுந்துவிட்டது. கொஞ்சங்கொஞ்சமாகக் கரையும் விசேஷ மாத்திரைகளைச் செய்து, அவர்களையும் நிதானக்காரர்போல் ஆக்கிவிட 1970-களின் தொடக்கத்தில் சென்னையிலும் பிரிட்டனிலும் முயன்றார்கள். ஆனால் அக்காலத்தில் நம் நாட்டுக் க்ஷயரோகத் திட்டத்தில் இடம் பெற்றதோ வாரம் இருமுறைச் சிகிச்சையே.