உத்தியோகத்துக்குப் பின்

உழைத்துப் பிழைக்கும் ஒருவன், உடம்பில் வலிவும் அறிவில் தெளிவும் குன்றாமல் இருக்கும்போதே, குறிப்பிட்ட ஒரு தேதியில் தன் தொழிலை நிறுத்திவிட்டு, அதற்குப் பிறகும் மாதந்தோறும் ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு வீட்டில் இருக்கலாம் என்னும் ஏற்பாடு தமிழ்நாட்டுக்கு மிகவும் புதியது. உழவன் கை ஓயும் வரையில் ஏரைப் பிடித்தான். நெசவாளி கண் மங்கும் வரையில் தறியில் உட்கார்ந்தான். கணக்குப்பிள்ளையும் வைத்தியரும் தம் பிள்ளைகள் தலையெடுத்த பின்பு சிறிது சிறிதாகப் பொறுப்பைக் கைமாற்றினார்களே அல்லாமல், இன்றோடு முடிந்தது என்று ஏட்டைக் கட்டி வைத்த நாள் என ஒன்று அவர்கள் வாழ்வில் இருந்ததில்லை. போரில் மடிந்த வீரனுடைய குடும்பத்துக்கு உதிரப்பட்டி என்று நிலம் விடும் வழக்கம் பழங்காலத்தில் இருந்ததைச் சாசனங்கள் தெரிவிக்கின்றன. ஆயினும் அது வீரமரணத்துக்குச் செய்த மரியாதை. தோல் சுருங்கிப் பேரன் முகத்தைக் கண்டவன் வனம் புகலாம் என்று தர்ம சாஸ்திரங்கள் வகுத்த வானப்பிரஸ்தமோ குடும்பத்தைத் துறந்து செல்லும் மார்க்கம். குடும்பத்தின் நடுவிலேயே, பேரன் பேத்திகளின் ஆரவாரத்துக்கு இடையிலேயே, ஜீவனக் கவலை பெரும்பாலும் நீங்கிய இருபது முப்பது ஆண்டுகளை ஒருவன் தன் விருப்பப்படி செலவிடும் நிலை, ஆங்கிலேய அரசாங்கத்தின் கணக்கு விதிகளால், அவர்கள் கருதாமலே, நம் நாட்டில் தோன்றியது.

கிழக்கிந்தியக் கம்பெனியார் முதலில் தங்கள் பட்டாளத்தைத்தான் நினைத்தார்கள். வங்காள நவாப் மீர் ஜாபர் தமக்கென்று விட்டுச் சென்ற ஐந்து லட்சம் ரூபாயை முதலாகக் கொண்டு ராபர்ட் கிளைவ் 1770-இல் ஏற்படுத்திய நிதி, அங்கவீனமடைந்த படைவீரர்களுக்கும் விதவைகளுக்கும் உதவியது. ராஜ்யத்தை இழந்த அரச குடும்பங்களுக்கும் நவாபுகளின் வமிசத்தாருக்கும் அளித்த தொகையும் பென்ஷன் எனப்படும் உபகாரச் சம்பளம் என்றே வழங்கியது. 1871-இல் இந்த உபகாரச் சம்பளங்களைப் பற்றி ஒரு சட்டமே பிறந்தது. சாதாரண குமாஸ்தாவுக்கும் பள்ளிக்கூட உபாத்தியாயருக்கும் தாசில்தாருக்கும் உரிய விதிகள் வேறு நூல்களில் வளர்ந்தன. ஐம்பத்தைந்து வயதில் விலக வேண்டும். நெடுங்காலம் உழைத்தவருக்குக் கடைசி ஆண்டுகளின் சராசரிச் சம்பளத்தில் ஏறக்குறையப் பாதி கிடைக்கும் என்பது அவற்றின் சாரம். வயது என்பதோ பள்ளிக்கூடப் பதிவேட்டில் எழுதிய பிறந்த தேதியைக் கொண்டு கணக்கிடப்பட்டது. ஜாதகத்தில் ஒரு வயதும் சர்க்கார் தஸ்தாவேஜில் ஒரு வயதுமாக வாழ்ந்தவர்கள் எத்தனையோ பேர். 1962-இல் மத்திய அரசாங்கம் இந்த எல்லையை ஐம்பத்தெட்டாக உயர்த்தியது.

இந்த ஏற்பாட்டில் குடும்பத்தை வாட்டிய குறை ஒன்று இருந்தது. உபகாரச் சம்பளம் பெறுகிறவரின் மூச்சு நின்றால் பணமும் நின்றுவிடும். மனைவிக்கு அதில் பாத்தியதை இல்லை. 1964-இல் மத்திய அரசாங்கம் குடும்ப உபகாரச் சம்பளத்தை விரிந்த திட்டமாக நிலைநாட்டும் வரையில், விதவைகள் பெற்ற பாதுகாப்பு மிக அற்பமே. ஆகவே உத்தியோகம் முடிவதற்குள் பெண்களுக்கு விவாகம் செய்துவிட வேண்டும், சொந்தமாக ஒரு வீடு வாங்கிவிட வேண்டும், மயிலாப்பூரில் 1872-இல் தொடங்கிய ஹிந்து பெர்மனென்ட் பண்டைப் போன்ற நிதிகளில் ஏதேனும் ஒரு தொகையைப் போட்டு வைக்க வேண்டும் என்னும் கவலைகள் மத்தியதரக் குடும்பங்களின் நாள்முறையையே ஆண்டன. கிழவர் காலை நடைக்குச் சென்று சிறிது தாமதித்துத் திரும்பினால் வாசலில் நின்ற பாட்டியின் மனத்தில் அன்போடு இந்த அச்சமும் கலந்திருந்ததை, அக்காலத்து வீடுகளை அறிந்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, கும்பகோணம், ஸ்ரீரங்கம், திருநெல்வேலி முதலிய ஊர்களில் பென்ஷன் பெற்றவர்களின் தினசரி வாழ்க்கை ஏறக்குறைய ஒரே வார்ப்பில் அமைந்தது. விடியற்காலையில் ஸ்நானம், காப்பி, பிறகு ‘ஹிந்து’வோ ‘சுதேசமித்திர’னோ எழுத்து விடாமல் படித்தாகும். அன்றைய அரசியலைத் திண்ணையில் அலசி முடித்ததும் பேரனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பது, காய்கறி வாங்கி வருவது, யாருக்கேனும் விண்ணப்பம் எழுதித் தருவது என்று பொழுது போகும். மாலையில் கோயிலுக்கோ, கவர்னர் கிராண்ட் டப் அமைத்த சென்னைக் கடற்கரை உலாப் பாதைக்கோ போவார்கள். வீட்டுக்கு வீடு ஒரு தனிப் பயிற்சியும் இருந்தது. ஒருவர் ஜாதகப் பொருத்தம் பார்ப்பார். ஒருவர் ஹோமியோபதி மாத்திரைகள் நிறைந்த மரப்பெட்டியை வைத்துக்கொண்டு தெருக் குழந்தைகளுக்குத் தர்ம வைத்தியம் செய்வார். மற்றொருவர் முப்பது ஆண்டு கச்சேரியில் கணக்கெழுதிய கையால் கோயில் தர்மகர்த்தாவின் கணக்கைச் சீர்படுத்தித் தருவார். மாதப் பிறப்பில் தாலுகாக் கஜானாவுக்குச் சென்று, நீண்ட பெஞ்சியில் பழைய சகாக்களோடு காத்திருந்து கையெழுத்திட்டுப் பணம் வாங்குவதும், ஆண்டுக்கொரு முறை தாம் உயிரோடு இருப்பதற்கு அத்தாட்சி காட்டுவதும் அவர்களுக்கு ஒரு சடங்காகவே ஆகிவிட்டன. அதிகாரம் போன துயரத்தை ஆற்ற மாட்டாமல், சேவகன் இல்லாத வாசலைப் பார்த்துப் பார்த்து மெலிந்தவர்களும் உண்டு. எளிய பயிற்சி ஒன்றாவது கைவசம் இருந்தவர்களே நிறைவோடு வாழ்ந்தார்கள்.

இந்த ஓய்வுக் காலத்துக்குத் தமிழ் இலக்கியம் பட்டிருக்கும் கடனை நாம் இன்னும் சரியாகக் கணக்கிடவில்லை என்பது என் எண்ணம். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832-இல் பிறந்த சி. வை. தாமோதரம் பிள்ளை, சென்னைச் சர்வகலாசாலையின் முதல் பட்டதாரிகள் இருவருள் ஒருவர். அரசாங்கக் கணக்குத் துறையில் உயர்ந்த உத்தியோகம் வகித்தவர். உத்தியோக காலத்திலேயே தொல்காப்பியச் சொல்லதிகாரத்தையும் வீரசோழியத்தையும் பதிப்பித்தார் என்றாலும், 1882-இல் ஓய்வு பெற்றுக் கும்பகோணத்தில் குடியேறிய பின்புதான் அவருடைய பதிப்புப் பணி பெருகியது. இறையனார் அகப்பொருள் 1883-இலும், தொல்காப்பியப் பொருளதிகாரம் 1885-இலும், கலித்தொகை 1887-இலும், சூளாமணி 1889-இலும் வெளிவந்தன. பென்ஷனோடு வக்கீல் தொழிலையும், பின்னர்ப் புதுக்கோட்டையில் நீதிபதிப் பதவியையும் அவர் மேற்கொண்டதற்கு, ஏடு தேடுவதிலும் அச்சிடுவதிலும் கரைந்த பணமும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும். சிதலும் இராமபாணப் பூச்சியும் தின்று எஞ்சிய ஏடுகளை வைத்துக்கொண்டு, கணக்குச் சோதனையில் பழகிய கண்களால் அவர் பாட பேதங்களை ஒத்துப் பார்த்ததை எண்ணும்போது, கச்சேரி வேலையும் வீணாகவில்லை என்று தோன்றுகிறது.

அதே கும்பகோணத்தில், அதே ஆண்டுகளில், ஓய்வு என்பதையே அறியாத ஓர் இளம் பண்டிதர் பகலில் அரசாங்கக் கல்லூரியில் பாடம் சொல்லிவிட்டு இரவில் விளக்கடியில் சீவக சிந்தாமணியோடு போராடிக்கொண்டிருந்தார். அக்கல்லூரித் தமிழாசிரியர் தியாகராச செட்டியார் 1880-இல் தாம் ஓய்வு பெறும்போது, தமது ஸ்தானத்துக்கு அந்த இளைஞர் உ. வே. சாமிநாதையரைத் தேடிப் பிடித்து அமர்த்தினார். அந்த நன்றியை மறவாத ஐயர், பிற்காலத்தில் திருவல்லிக்கேணியில் தாம் வாழ்ந்த வீட்டுக்குத் ‘தியாகராஜ விலாசம்’ என்று பெயரிட்டார். 1887-இல் கலித்தொகையும் சிந்தாமணியும் ஒரே ஆண்டில் அச்சேறின: ஒன்று பென்ஷன் பெற்றவரின் பணி, மற்றொன்று உத்தியோகத்தில் இருந்தவரின் பணி.

ஐயரவர்கள் 1903-இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்து, 1919-இல், அறுபத்து நான்காம் வயதில் ஓய்வு பெற்றார். சங்க நூல்களிற் பலவற்றையும் சிலப்பதிகாரத்தையும் மணிமேகலையையும் அதற்கு முன்பே உலகுக்கு அளித்து, மகாமகோபாத்தியாயப் பட்டமும் பெற்றுவிட்ட ஒருவர் இனி இளைப்பாறினால் யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவரோ பெருங்கதையை 1924-இல் வெளியிட்டார்; அதே ஆண்டில், சிதம்பரத்தில் தோன்றியிருந்த மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைமையை ஏற்று மூன்று ஆண்டு நடத்தினார். குறுந்தொகை 1937-இல் வந்தபோது அவருக்கு எண்பத்திரண்டு வயது. சதாபிஷேகம் என்பது நம் வீடுகளில் பிள்ளைகளும் பேரர்களும் கூடிச் செய்யும் சுபகாரியம்; 1935-இல் ஐயரவர்களுக்கு அது நடந்தபோது தமிழ்நாடே அந்தக் குடும்பத்தின் ஸ்தானத்தில் நின்றது.

இவற்றைக் காட்டிலும் எனக்கு விசேஷமாகப் படுவது, அவர் ஓய்வுக் காலத்தில் புதிதாகக் கைக்கொண்ட உரைநடை. அது வரையில் பிறர் நூல்களுக்கு முகவுரையும் குறிப்பும் எழுதி வந்த கை, தான் பழகிய மனிதர்களையும் கேட்ட சங்கீதத்தையும் நடந்த சாலைகளையும் பற்றி எழுதத் தொடங்கியது. தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் சரித்திரமும், ‘நான் கண்டதும் கேட்டதும்’, ‘புதியதும் பழையதும்’, ‘நினைவு மஞ்சரி’ ஆகிய கட்டுரைத் தொகுதிகளும் பிறந்தன. 1940-இல் ஆனந்த விகடனில் ‘என் சரித்திரம்’ வாரந்தோறும் வரத் தொடங்கியது. கி. வா. ஜகந்நாதனைப் போன்ற மாணாக்கர்கள் உடனிருந்து உதவினர். மகன் கல்யாணசுந்தரையர் வீட்டையும் நூல்களையும் காத்தார். பதிப்பாசிரியர் சாமிநாதையரை அவருடைய உத்தியோக காலம் நமக்குக் கொடுத்தது. உரைநடை ஆசிரியர் சாமிநாதையரைக் கொடுத்தது ஓய்வுக் காலம். யுத்த பயத்தால் 1942-இல் சென்னை காலியானபோது, எண்பத்தேழு வயதில் திருக்கழுக்குன்றத்துக்குச் சென்ற அவர், ஏப்ரல் 28-ஆம் தேதி அங்கே காலமானார். ‘என் சரித்திரம்’ முற்றுப் பெறாமலே நின்றது.

நாடக உலகிலும் இத்தகைய ஒருவர் உண்டு. பம்மல் சம்பந்த முதலியார் சென்னை ஸ்மால் காஸ் கோர்ட்டு நீதிபதியாக இருந்து 1928-இல் விலகியவர். பகலில் வழக்கும் இரவில் சுகுண விலாச சபையின் நாடக ஒத்திகையுமாக வாழ்ந்த அவர், விலகிய பின் ‘நாடக மேடை நினைவுகள்’ எழுதினார்; பேசும் படம் என்னும் புதிய கலையிலும் துணிந்து இறங்கினார். 1964-இல் மறையும் வரையில் சுமார் முப்பத்தாறு ஆண்டு அவர் ஓய்வில் வாழ்ந்தார் என்பதை நினைத்தால் அந்தச் சொல்லே பொருந்தவில்லை. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை திருவாங்கூர் அரசின் கல்வித் துறையில் நெடுங்காலம் ஆசிரியராக உழைத்து, 1931-இல் ஓய்வு பெற்று, நாகர்கோவிலை அடுத்த புத்தேரியில், மனைவி பிறந்த ஊரில், வந்து அமர்ந்தார். ‘மலரும் மாலையும்’ 1938-இலும், ‘ஆசிய ஜோதி’ 1941-இலும், உமர்கய்யாம் பாடல்கள் 1945-இலும் நூல்வடிவம் பெற்றன. உத்தியோக காலத்தில் ஏட்டின் ஓரத்தில் கிடந்த கவிதை, கிராமத்து வீட்டின் நிதானத்தில்தான் நூலாயிற்று.

ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் அறநிலையக் கமிஷனர் பதவி முடிந்தபின் குற்றாலத்தில் வாழ்ந்து, வந்தவர்க்கெல்லாம் விருந்தோடு கம்பனையும் ஊட்டினார். அவர் அன்புக்கு உரிய பாஸ்கரத் தொண்டைமான், கலெக்டராக இருந்து 1959-இல் ஓய்வு பெற்றவர். ‘வேங்கடம் முதல் குமரி வரை’ என்று கோயில்களையும் சிற்பங்களையும் பற்றி அவர் எழுதியவை, ஜமாபந்திக்குப் போன ஊர்களையெல்லாம் கலைக்கண்ணால் மீண்டும் காட்டுகின்றன. அவருக்குக் கிடைத்த ஓய்வுக் காலம் ஆறே ஆண்டு.

இவ்வளவும் நடந்த வீடுகளில் அடுப்பங்கரைக்கு ஐம்பத்தைந்து வயது விதி இருக்கவில்லை. ஐயா ஏட்டோடு இருந்தால் அவருக்கும், அவரைத் தேடி வந்த மாணாக்கர்களுக்கும் நண்பர்களுக்கும் வேளைக்குச் சோறு ஆக்கியது யார்? உத்தியோக காலத்தில் காலையிலும் இரவிலும் மட்டும் வீட்டில் இருந்த கணவர், ஓய்வு பெற்றதும் நாள் முழுவதும் வீட்டில் இருந்தார். அதனால் அம்மாளின் வேலை கூடியதே அன்றிக் குறையவில்லை. சமையலறைச் சாவியை மருமகளிடம் கொடுத்த பிறகும் பிரசவமும் பத்தியமும் ஊறுகாயும் மாமியாரின் தலைமேலேயே இருந்தன. ஓய்வுக் காலத்துப் புதுமுயற்சிகளின் சரித்திரத்தை எழுதும்போது இந்த உழைப்பை எழுதாமல் விடுவது நியாயமன்று.

தாமே உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெண்மணிதான், இப்படி வீட்டு வேலையிலேயே காலம் கழித்த பெண்களுக்கு ஒரு புது வழியைத் திறந்தார். பாலிய விதவையான சகோதரி சுப்புலட்சுமி, சென்னை ராஜதானியில் பட்டம் பெற்ற முதல் ஹிந்துப் பெண்மணிகளுள் ஒருவராக 1911-இல் விளங்கி, இளம் விதவைகளுக்கு விடுதி நடத்தி, லேடி வில்லிங்டன் பயிற்சிக் கல்லூரியின் தலைவராக இருந்தவர். சர்க்கார் பணி முடிந்ததும் அவர் மயிலாப்பூரில் 1942-இல் ஸ்ரீ வித்யா கலா நிலையம் என்ற பள்ளிக்கூடத்தை ஆரம்பித்தார். விவாகத்தாலும் குடும்பப் பொறுப்பாலும் கைம்மையாலும் இளமையில் புத்தகத்தை மூடி வைத்த வயது வந்த பெண்கள் அங்கே மீண்டும் படிக்க வந்தார்கள்.